வெளுப்பு

ஓலு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
உலோகம் இருக்கிறதா என்று கேட்பது என் வேலை.
சாவி, ஊக்கு, சில்லறை, பெல்ட்டின் கொக்கி.
ஓய்வாவின் பனியுடுப்பில் ஒரே ஒரு ஜிப்,
கழுத்திலிருந்து கணுக்கால் வரை.
இழுத்தேன். சிரித்தான்.
மறுபடி மேலே ஏற்றி இழுத்தேன்.
அவனுக்கு அது போதுமாயிருந்தது.
அன்று காலை எனக்கும்.

நான்கு வயது. உட்கார வைத்தால் சாய்கிறான்.
கண்மணிகள் நிற்பதில்லை.
ரயில் ஜன்னலோரம் இருப்பவன்போல
கம்பங்களை எண்ணிக்கொண்டே இருக்கிறான்.
மயக்க மருந்து ஏறியதும் கண்கள் நின்றன.
சய்யா அதைத்தான் பார்த்தாள்.
"இப்படி ஓரிடத்தில் நின்றால்
யார் பிள்ளையோ என்றிருக்கிறது."

முப்பத்தைந்து நிமிடம்.
இயந்திரம் தட்டியது, இடித்தது,
கதவைத் திற என்று கத்தும் பக்கத்து வீட்டுக்காரன்போல.
இரண்டாம் வரிசைப் படங்களில்
இந்த வயதுக்குள் கறுத்திருக்க வேண்டிய இடமெல்லாம்
பிறந்த வாரத்தில் எப்படியோ அப்படியே
வெளுத்துக் கிடந்தது.
மூளையின் இரு பாதிகளையும் சேர்க்கும் பாலம்
நகத்தால் கீறிய கோடு.

நான் படம் எடுப்பவள், படிப்பவள் அல்ல.
அப்படித்தான் சொல்ல வேண்டும், சொன்னேன்.
பதினெட்டு வருடமாக முகத்தைச்
சாதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.
அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

டாக்டர் வுவோரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.
நரம்பிழைமேல் ஓர் உறை வளர வேண்டும்.
மையலின். மையல் பெயரில்தான், மற்றபடி கொழுப்பு.
இவனுக்கு வளரவில்லை. கொஞ்சம் வளரலாம், மெதுவாக.
மரபணுவில் எழுத்துப் பிழை,
இரண்டு பக்கமிருந்தும் ஒரே பிழை.
அந்த நோய்க்கு அவர்கள் ஊரின் பெயரே வைத்திருக்கிறார்கள்.
"எங்கள் ஊரில் சறுக்கு மலை இருக்கிறது,
உருளைக்கிழங்கு விளைகிறது,
சல்லா என்று அதற்கு வைத்திருக்கலாமே?"
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு சய்யாவே சிரித்தாள்.

யார்னோ சாலையில் பனி வாருகிறவர்.
படத்தின் முன் வெகுநேரம் குனிந்திருந்தார்.
"வெளுப்பு என்றால் மேலே பனி என்று அர்த்தமா?
வாரினால் அடியில் சாலை இருக்குமா?"
டாக்டருக்குப் பொய் வராது.
"சாலை இருக்கிறது. வாருகிற வண்டி இல்லை."
"ஒரு குளிர்காலம் என் வண்டியில்
வயர்த்தோலை எலி தின்றுவிட்டது.
விளக்கு மினுங்கி மினுங்கி எரிந்தது.
மார்ச் வரை ஓட்டினேன்."

அப்புறம்தான் சட்டைப்பையில் கைவிட்டார்.
ஓரம் மடிந்த புகைப்படம்.
அவர் அம்மாவின் தம்பி ஆர்வி.
கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.
வாய் நிறையச் சிரிப்பு. கண்கள் படத்தில் பதியவில்லை,
அசைந்திருக்க வேண்டும்.
"பிரசவத்தில் அடிபட்டது என்றார் ஒரு டாக்டர்.
காய்ச்சல் என்றார் இன்னொருவர்.
ஜெபக்கூட்டத்தில் வேறு காரணம் சொன்னார்கள்.
ஐம்பத்தெட்டு வயதுவரை இருந்தார்.
தபால்காரர் வந்தால் கை தட்டுவார், கடிதம் இல்லாவிட்டாலும்."

டாக்டர் அதை வாங்கி
திரையில் ஓய்வாவின் மூளைக்குப் பக்கத்தில்
சாய்த்து நிறுத்தினார்.
அது இரண்டு தடவை சரிந்து விழுந்தது.
மூன்றாவது தடவை என் காப்பிக் கோப்பையை முட்டுக் கொடுத்தேன்.
"அறிக்கையில் இவரையும் சேர்க்கலாமா?" என்றார்.
யார்னோ தலையை ஆட்டினார்.
ஆமாம் என்றா, வேண்டாம் என்றா,
இன்னும் எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
ஓய்வா விழித்து, மறுபடி கம்பங்களை எண்ண ஆரம்பித்தான்.
ஜிப்பை மேலே ஏற்றினேன்.

ஆறு மணிக்கு நான் வெளியே வந்தபோது
வரிசையில் எல்லாக் காரும் உறைந்திருந்தன.
என்னுடையதில் மட்டும் கண்ணாடி மேல் மெல்லிய பூச்சு,
அதன் அடியில் சுரண்டிய கோடுகள்.
பக்கத்தில் நின்றது அவர்கள் வண்டி.
தன்னுடையதைச் சுரண்டிய கை
பழக்கத்தில் நிற்காமல் போயிருக்கிறது.